வானத்தின் நெகட்டிவில் விழும் கோடுகள்

வீட்டு பீரோக்களிலும் மூடிப்போன ஸ்டூடியோக்களின் பரண்களிலும் கிடந்த நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவைக்கும் வேலை இப்போது ஊர் ஊராக நடக்கிறது. நல்ல காரியம். கல்யாணப் படம், பள்ளி ஆண்டுவிழாப் படம் என்றால் அதில் பெரிய சிக்கலும் இல்லை. ஆனால் ஆவடியிலோ அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ ஒரு வீட்டுப் பெட்டியில் இரவு வானத்தை எடுத்த சுருள் ஒன்று இருந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. ஸ்கேன் போட்டுப் பார்த்தால் படத்தின் நெடுக்கிலோ குறுக்கிலோ கோடு கோடாக விழுந்திருக்கும். “அதெல்லாம் சாஃப்ட்வேர்ல எடுத்துடலாம் சார்” என்பதுதான் கடைகளில் கிடைக்கும் வழக்கமான பதில். எடுத்துவிடலாம்தான். எடுப்பதற்கு முன், அந்தக் கோடு ஸ்கேனர் போட்டதா, பிலிமிலேயே இருந்ததா, படம் பிடித்த நேரத்தில் வானத்திலிருந்தே வந்ததா என்று பார்த்தாக வேண்டும் என்பதே என் கட்சி. பார்க்காமல் அழிக்கும் பழக்கம் ஒருவருடைய ஆல்பத்தோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் ஆவணப் பணிகளிலும் இதே அவசரம் புகுந்தால், போனதைத் திரும்பப் பெற வழியே இருக்காது.

இரவு வானத்தின் நெகட்டிவ் மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது? நெகட்டிவில் வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும், படாத இடம் வெறுமையாக நிற்கும். ஆகவே வானம் முழுவதும் ஏறக்குறைய வெற்றுப் பிலிம்தான். விண்மீன்கள் அதில் கறுப்புப் புள்ளிகள். ஒரு நெபுலாவின் ஓரமோ, வால்மீனின் வால் நுனியோ அந்த வெற்றுப் பிலிமைவிட நூலிழை அளவே கூடுதலாகக் கறுத்திருக்கும். அதைக் கண்ணுக்குக் கொண்டுவர, ஸ்கேன் செய்த படத்தின் கான்ட்ராஸ்டைப் பல மடங்கு ஏற்ற வேண்டும். கல்யாணப் படத்தில் சென்சாரின் அரை சதவீதப் பிசகு பட்டுப்புடவையின் மடிப்பிலும் கூட்டத்து முகங்களிலும் மறைந்துபோகும். வானப் படத்தில் மறைய இடமில்லை. கான்ட்ராஸ்டைப் பத்து மடங்கு ஏற்றினால் அரை சதவீதம் ஐந்து சதவீதமாகி, விண்மீன்களுக்கு நடுவே பளிச்சென்று கோடாக நிற்கும். அதாவது ஸ்கேனர் புதிதாகக் கெட்டுப்போகவில்லை. எப்போதும் செய்துவந்த தப்பை இந்த நெகட்டிவ்தான் வெளியே காட்டுகிறது.

ஸ்கேனர் கோடு போடும் விதங்களும் பல. மேசை ஸ்கேனரில் ஆயிரக்கணக்கான நுண்ணிய சென்சார்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. அந்த வரிசை படத்தின் அடியில் மெல்ல நகர்ந்துகொண்டே படித்துச் செல்கிறது. ஒவ்வொரு சென்சாரின் உணர்திறனும் கொஞ்சம் வேறுபடும் என்பதால், ஸ்கேன் தொடங்குமுன் கருவி ஒரு வெற்று இடைவெளியைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். எப்சன் வி700, வி800 வகை ஸ்கேனர்களின் பிலிம் ஹோல்டரில் ஒரு பக்கம் காலியாக விடப்பட்டிருப்பது இதற்காகத்தான். அந்த இடைவெளியில் ஒரு தூசி உட்கார்ந்திருந்தால், அதற்கு நேரான சென்சாரைக் கருவி தப்பாகத் திருத்திவிடும். சீப்பில் ஒரு பல் வளைந்திருந்தால் வாரும் தூரம் முழுக்க ஒரே கோடு விழுவதைப் போல, படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கோடு ஓடும். இது வரிசை நகரும் திசையில் விழுவது. அதற்குக் குறுக்கே விழும் பட்டைகளுக்குக் காரணம் வேறு: விளக்கு சூடேறும்வரை வெளிச்சம் ஏறி இறங்குவது, அல்லது மோட்டாரும் பெல்ட்டும் சீராக அடியெடுத்து வைக்காதது. பழைய குழல்விளக்கு ஸ்கேனர்களைப் போட்டதும் வேலையைத் தொடங்காமல் கொஞ்ச நேரம் சும்மா எரியவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். நிக்கான் சூப்பர் கூல்ஸ்கேன் 8000, 9000 கருவிகள் வேகத்துக்காக மூன்று வரிசைகளை ஒரே நேரத்தில் படிப்பவை. மூன்றுக்கும் இடையிலுள்ள சின்ன வித்தியாசம் பட்டை பட்டையாகத் தெரியும். ஒரே வரிசையால் மட்டும் படிக்கும் முறையை அவற்றில் தேர்ந்துகொள்ளலாம். நேரம் அதிகம் பிடிக்கும், பட்டை போய்விடும். ஸ்கேனரை விட்டுவிட்டு எல்.இ.டி. பேனல் மேல் நெகட்டிவை வைத்து டிஜிட்டல் கேமராவால் படம் எடுப்பவர்களுக்கும் விடுதலை இல்லை. மலிவான பேனல் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். கேமராவின் எலெக்ட்ரானிக் ஷட்டர் வரிவரியாகப் படிக்கும். இரண்டும் சேர்ந்தால் பட்டை.

இவற்றையெல்லாம் பிரித்தறிய விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நெகட்டிவை நேராக வைத்து ஒரு முறையும், 90 பாகை திருப்பி வைத்து ஒரு முறையும் ஸ்கேன் செய்தால் போதும். விண்மீன்களோடு சேர்ந்து கோடும் திரும்பினால் அது பிலிமில் இருக்கிறது. விண்மீன்கள் திரும்பியும் கோடு பழைய திசையிலேயே நின்றால் அது ஸ்கேனரின் கைவேலை. திருப்பிவைக்க இடமில்லாத பிலிம் ஸ்கேனரில் தலைமாற்றி வைத்துப் பார்க்கலாம். கோடு விண்மீன்களை விட்டு விலகுகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு அதே சுருளின் வாலில் படம் எடுக்காமல் விட்ட வெற்றுப் பகுதியை, ஒரு அமைப்பையும் மாற்றாமல் ஸ்கேன் செய்ய வேண்டும். கருவியின் குற்றம் எல்லாம் அந்த வெற்று ஸ்கேனில் தனியாக வந்து உட்கார்ந்திருக்கும். வானப் படத்தை அதனால் வகுத்தால் கருவி போட்ட கோடு பெரும்பாலும் கரைந்துவிடும். இந்தக் கணக்கு சரியாக வர, ஸ்கேன் 16 பிட்டில், தானியங்கித் திருத்தம் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். 8 பிட் என்றால் வெளுப்புக்கும் கறுப்புக்கும் இடையே 256 படிகள்தான். 16 பிட்டில் 65,536. படிகள் குறைவாக உள்ள படத்தின் கான்ட்ராஸ்டை ஏற்றினால் வானத்தின் மெல்லிய சரிவு மாடிப்படியாக உடைந்து, இல்லாத வளையங்களைக் காட்டும். அது ஸ்கேனரின் கோடும் இல்லை, பிலிமின் கோடும் இல்லை. கோப்பைச் சேமித்தவர் போட்ட கோடு.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கொடைக்கானலைக் காட்டலாம். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த மதராஸ் வானாய்வகத்தின் வாரிசாக 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. 1904 முதல் அங்கே சூரியனை நாள்தோறும் படம் எடுத்துவந்தார்கள். கண்ணாடித் தட்டுகளிலும் பிலிமிலுமாக ஒரு நூற்றாண்டின் சூரியன் அங்கே சேர்ந்திருக்கிறது. ஒரே இடத்தில் இவ்வளவு நீண்ட காலம் தொடர்ந்த சூரியப் படவரிசைகள் உலகிலேயே ஒன்றிரண்டுதான். அந்தத் தட்டுகளை முதலில் 8 பிட்டில் கணினியில் ஏற்றினார்கள். அது போதவில்லை என்று தெரிந்தபின், பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் 4096 × 4096 படப்புள்ளிகள் கொண்ட, 16 பிட் குளிரூட்டிய கேமராவால் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. வரிசை வரிசையாக நகரும் சென்சாரை விட்டு, முழுத் தட்டையும் ஒரே பார்வையில் பிடிக்கும் கேமராவுக்குப் போனதைக் கவனிக்க வேண்டும். நகரும் பாகம் இல்லையென்றால், நகர்வதால் விழும் கோடும் இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகமும் தன்னிடமிருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தட்டுகளைக் கட்டம் கட்டமாகப் பிடிக்கும் கருவியைத் தானே செய்துகொண்டுதான் ஸ்கேன் செய்து 2024-இல் முடித்தது. கொடைக்கானலில் இரண்டாம் முறை முடிந்ததற்கு ஒரே காரணம், முதல் ஸ்கேன் ஆனதும் ‘இனி எதற்கு’ என்று தட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான்.

கொடைக்கானல் படங்களில் கோடு பற்றிய இன்னொரு பாடமும் இருக்கிறது. என் வாதத்துக்கு அது முக்கியமானது. கால்சியம் தனிமத்தின் ஒளியில், 393.4 நானோமீட்டர் அலைநீளத்தில், சூரியனைப் படமெடுக்க அங்கே பயன்பட்டது ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற கருவி. சூரியப் பிம்பத்தின் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் ஒரு பிளவு வழியே உள்ளே விட்டு, அதன் நிறமாலையிலிருந்து வேண்டிய ஒளியை மட்டும் இன்னொரு பிளவால் பிரித்துத் தட்டில் பதிப்பார்கள். கீற்று நகர நகர, தட்டில் சூரியன் கோடு கோடாகச் சேரும். மேசை ஸ்கேனர் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அது ஒரு ஸ்கேனர். நகர்வு ஒரு கணம் தடுமாறினாலோ, பாதியில் மெல்லிய மேகம் ஒன்று சூரியனைக் கடந்தாலோ, அந்த நேரத்துக்கு உரிய கீற்று மங்கிப் பட்டையாகப் பதிந்துவிடும். அந்தப் பட்டை அன்றைக்கு மலையில் என்ன நடந்தது என்பதற்கான சாட்சி. எந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம், சூரியனின் எந்தப் பகுதியின் ஒளி அளவை ஒதுக்க வேண்டும் என்று ஆய்வாளர் முடிவு செய்வது அதைப் பார்த்துத்தான். இந்தத் தட்டை ஒரு சாதாரண மேசை ஸ்கேனரில், பிளவின் திசைக்கு நேராகவே வைத்து ஸ்கேன் செய்தால் இரண்டு வகைக் கோடுகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். மேலே சாஃப்ட்வேரையும் ஓட்டிவிட்டால், எது கொடைக்கானல் மேகம், எது ஸ்கேனர் தூசி என்று யாராலும் சொல்ல முடியாது.

“சாஃப்ட்வேர் இருக்கும்போது ஏன் இத்தனை பாடு?” என்பது முதல் ஆட்சேபம். கோடு நீக்கும் நிரல்கள் பொதுவாகச் செய்வது என்ன? ஒவ்வொரு நெடுவரிசையின் சராசரியையும் எடுத்து, அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு, மிகுந்து நிற்பதைக் கழிப்பது. கோடாகத் தெரியும் எதுவும் குற்றவாளி என்பது அதன் கணக்கு. வானத்தில் உண்மையான கோடுகள் நிறைய உண்டு. முக்காலியில் கேமராவை அசையாமல் வைத்து ஷட்டரைத் திறந்துவைத்தால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்ந்து தடம் போடும். துருவத்தின் அருகே அந்தத் தடம் வளைந்திருக்கும். வான நடுக்கோட்டை ஒட்டியுள்ள மிருகசீரிடத்தின் இடுப்புப் பட்டை விண்மீன்களோ கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். நம் ஊர் அட்சரேகையில் அவை ஏறக்குறைய தலைக்கு மேலேயே கடப்பவை என்பதால், இங்கே வானப் படம் எடுக்கப் பழகுபவர் முதலில் குறிவைப்பதும் பெரும்பாலும் அவற்றைத்தான். ஜவ்வாது மலைக் காவலூரில் 1988-இல் இரா. ராஜமோகன் குழுவினர் கண்டுபிடித்த 4130-ஆம் எண் சிறுகோளுக்கு இராமானுஜன் என்று பெயர். அதைத் தேடிப் பிடித்ததும் இப்படித்தான்: விண்மீன்களுக்கு நடுவே இடம் மாறும் ஒரு மங்கலான தடத்தைப் புகைப்படங்களில் பார்த்து. தடத்தைக் குற்றமாக எண்ணித் துடைக்கும் நிரலிடம் அப்படிப்பட்ட படத்தைக் கொடுத்தால் என்ன மிஞ்சும்?

தூசி நீக்கும் வசதியிலும் இதே ஆபத்து உண்டு. டிஜிட்டல் ஐஸ் என்ற முறை அகச்சிவப்பு ஒளியால் நெகட்டிவைப் பார்க்கிறது. வண்ண நெகட்டிவில் படம் சாயத்தால் ஆனது. அகச்சிவப்பு அதைக் கடந்து போய்விடும், தூசி மட்டும் தடுக்கும், தூசியைக் கண்டுபிடிப்பது எளிது. கருப்பு வெள்ளை பிலிமில் படம் வெள்ளியால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பையும் தடுக்கும். ஆகவே விண்மீன் ஒவ்வொன்றும் அந்தக் கருவிக்குத் தூசிதான். ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் விற்ற கருப்பு வெள்ளைச் சுருளில் ஒருவர் வானத்தைப் படம் எடுத்திருந்து, அதை இந்த வசதியை நிறுத்தாமல் ஸ்கேன் செய்தால், திரையில் வருவது சுத்தமான படமாக இருக்கும். அவர் கண்ட வானமாக இருக்காது. இப்போது செயற்கை நுண்ணறிவு நிரல்கள் இன்னும் ஒரு படி போய், அழித்த இடத்தில் இருந்திருக்கக்கூடியதை வரைந்தும் தருகின்றன. பாட்டியின் முகத்தில் விழுந்த கீறலுக்கு அது ஆறுதலாக இருக்கலாம். வானத்தின் பதிவில் ஒரு விண்மீனை வரைந்து வைப்பது பொய்ச் சாட்சி. ஒரே படத்தைப் பல முறை ஸ்கேன் செய்து சராசரி எடுத்தால் சரியாகிவிடும் என்றும் சிலர் சொல்வதுண்டு. தற்செயலான இரைச்சல் அதில் குறையும். ஒரே இடத்தில் விழும் கோடு குறையாது, சுற்றியுள்ள இரைச்சல் அடங்கியதால் முன்னைவிடத் தெளிவாகவே தெரியும். ஒவ்வொரு முறையும் நெகட்டிவைச் சற்று நகர்த்திவைத்து, விண்மீன்களைப் பொருத்திச் சராசரி எடுத்தால்தான் பலன்.

ஸ்கேன் செய்யும்போது ஏற்படும் ஒரு சிறு பிசகு அறிவியலில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கேஐசி 8462852 என்ற விண்மீன் காரணம் தெரியாமல் மங்கி மீள்வது 2015-இல் உலகச் செய்தியானது. அடுத்த ஆண்டே பிராட்லி ஷேஃபர் என்ற வானியலாளர் ஹார்வர்டு தட்டுகளின் ஸ்கேன்களை அளந்து, அது ஒரு நூற்றாண்டாகவே மெல்ல மங்கிவந்திருக்கிறது என்றார். அந்த மங்கலுக்குக் காரணம் விண்மீன் இல்லை, தட்டுகளை அளவீடு செய்த முறைதான் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். விவாதத்தை நடத்த முடிந்ததே தட்டுகளும், ஸ்கேன்களும், அளவீட்டுக் குறிப்புகளும் அப்படியே இருந்ததால்தான். ‘அழகுபடுத்திய’ படங்கள் மட்டும் மிஞ்சியிருந்தால் இரு தரப்புக்கும் பேச எதுவும் இருந்திருக்காது.

“இதெல்லாம் ஆய்வகங்களுக்குச் சரி, ஆவடி மொட்டைமாடியில் எடுத்த படத்துக்கு என்ன வந்தது?” என்பது அடுத்த ஆட்சேபம். இதற்கு எனக்கு வலுவான பதில் ஒன்று உண்டு. ஆவடிக்குக் கிழக்கே அம்பத்தூரும் அதைத் தாண்டிச் சென்னை நகரமும், தெற்கே பூந்தமல்லி. நகர வெளிச்சம் வானத்தில் பட்டுச் சிதறி வரும் மங்கல் அந்தத் திசைகளிலிருந்து ஏறுகிறது. ஹேலி வால்மீன் 1986 ஏப்ரலில் நம் தென்வானத்தில் நின்றபோது ஆவடியிலிருந்து யாரேனும் அதைப் படம் எடுத்திருந்தால், வால்மீனோடு சேர்த்து அன்றைய வானத்தின் வெளிச்ச அளவும் அந்த நெகட்டிவில் இருக்கிறது. சென்னைப் பக்கத்து ஓரம் எவ்வளவு கறுத்திருக்கிறது, மேற்கு ஓரம் எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்பதே அந்த அளவு. ஒரு புறநகர் தன் இருட்டை எப்போது, எவ்வளவு இழந்தது என்பதற்கு வேறு பதிவு எங்கே தேடுவது? 8 பிட் ஸ்கேன் அந்தச் சரிவைப் படிகளாக உடைத்துவிடும். ‘பின்னணியைச் சமமாக்கு’ என்ற பொத்தான் மொத்தமாகத் துடைத்துவிடும். லென்ஸும் ஓரங்களில் ஒளியைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அது நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் குறையும். ஊர் வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாயும். மூலப் பதிவு இருந்தால் இரண்டையும் பிரிக்கலாம். ஹேலி மறுபடி வருவது 2061-இல். இன்றைய கைபேசி அன்றைய கேமராவைவிட எவ்வளவு மேலானதாக இருந்தாலும் 1986-இன் வானத்தை அதனால் எடுக்க முடியாது.

செலவும் இடமும் பற்றிய ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. 35 மில்லிமீட்டர் நெகட்டிவின் ஒரு சட்டத்தை 4000 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் சுமார் 2 கோடியே 14 லட்சம் படப்புள்ளிகள். கருப்பு வெள்ளையில், 16 பிட்டில், ஒரு படம் ஏறக்குறைய 43 எம்.பி. 36 படங்கள் கொண்ட ஒரு சுருள் ஒன்றரை ஜி.பி.யைச் சற்றுத் தாண்டும். கடையில் வாங்கும் 64 ஜி.பி. பென் டிரைவில் சுமார் நாற்பது சுருள்கள் அடங்கும்; வண்ணம் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. நேரம்தான் உண்மையான செலவு. ஒவ்வொரு படத்தையும் திருப்பி வைத்து இரண்டாவது ஸ்கேன் செய்யச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது என்பதை ஏற்கிறேன். சுருளுக்கு ஒரு படத்தை மட்டும் திருப்பிச் சோதித்து, ஒரு வெற்று ஸ்கேனும் எடுத்து வைத்தால் போதும். கோடு தெரிகிற படங்களை மட்டும் பிறகு கவனிக்கலாம். கோட்டை நீக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்காட்சிக்கும் புத்தகத்துக்கும் தாராளமாக நீக்கட்டும். நகலில் நீக்கட்டும், மூலம் தொடப்படாமல் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் ஓலைச்சுவடி, அரிய நூல், ஸ்டூடியோப் படம் என்று பொதுப் பணத்தில் மின்னாக்கம் நடக்கிறது. இத்தகைய பணிகளுக்கு ஒப்பந்தப் புள்ளி கோரும் அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும், நெகட்டிவ்களும் கண்ணாடித் தட்டுகளும் சம்பந்தப்பட்ட இடங்களில் நான்கு நிபந்தனைகளை எழுத்தில் சேர்க்க வேண்டும்: திருத்தம் செய்யாத 16 பிட் மூலக் கோப்பு, அதே நாளில் எடுத்த வெற்று ஸ்கேன், கருவியும் அமைப்புகளும் பற்றிய குறிப்பு, ஸ்கேன் முடிந்தபின் மூலத்தைப் பாதுகாக்கும் பொறுப்பு யாருடையது என்பது. எத்தனை படம் முடிந்தது என்ற எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்கும் வரை, பளபளப்பான படங்கள்தான் வந்துகொண்டிருக்கும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் வான நெகட்டிவ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சென்னையின் ஈரக் காற்றில் பிலிமுக்குப் பூஞ்சை பிடிக்கும், காத்திருக்க வேண்டாம். கடையில் கொடுக்கும்போது ‘16 பிட் டிஃப் கோப்பு, தூசி நீக்கம் வேண்டாம், கோடு நீக்கம் வேண்டாம், சுருளின் வெற்றுப் பகுதியையும் ஸ்கேன் செய்யவும்’ என்று உறையின் மேல் எழுதிக் கொடுங்கள். படம் எடுத்த நாள், இடம், திசை நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். வேலை முடிந்ததும் நெகட்டிவை மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.